இடப்பக்கத்து அண்ணி

அவளிடம் இரண்டு கோட்டுகள் இருந்தன. வெள்ளைக் கோட்டைச் சுகாதாரத் துறை கொடுத்தது, நீலக் கோட்டை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. இரண்டும் அரசாங்கத்துடையவைதான். சம்பளம் வெள்ளைக் கோட்டுக்கு வந்தது, வருகைப் பதிவு நீலக் கோட்டில் இருந்தது. விடுப்பு வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் கையெழுத்து யாருடையது என்பது முடிவாகாததால் அவள் விடுப்பு கேட்பதையே விட்டிருந்தாள்.

"உனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட, இது எந்தத் துறைக் காய்ச்சல்னுதான் முதல்ல கேப்பாங்க" என்பான் அவள் கணவன். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவன். எதையும் கழற்றிப் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும் என்று நம்புகிறவன். மனைவியின் வேலையைப் பல தடவை கழற்றிப் பார்த்தும் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

தெருவில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. வேலையும் பிடித்திருந்தது. அவள் அம்மாவுக்கு ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கையும் காலும் இழுத்துக்கொண்டன. அதற்குப் பிறகு பல வருஷம் ஒரு கையைத் தூக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில், "பிரஷர் இவ்வளவு இருந்திருக்கே, யாருமே பார்க்கலையா?" என்று கேட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. பார்க்க யாரும் வீட்டுக்கு வரவில்லை, அம்மாவும் எங்கும் போகவில்லை. ஆகவே, வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டு வரும் ஒரு திட்டத்தை இரண்டு துறைகளும் சேர்ந்து நடத்தப் போகின்றன என்று கேள்விப்பட்டதும், அவள்தான் முதல் ஆளாக விண்ணப்பித்தாள்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். வீடு தேடிப் போவதால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று ஆராய்ச்சி நிலையம் பார்க்க விரும்பியது. இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் ஊர் முழுக்க அதையே செய்ய சுகாதாரத் துறை தயாராக இருந்தது. நிரூபிக்க வேண்டுமானால் ஒப்பிட வேண்டும். அதற்காக நீளமான தெரு ஒன்றைப் பிடித்து, நடுவே கோடு கிழித்தார்கள். வலப்பக்க வீடுகளுக்கு வெள்ளைக் கோட்டில் போக வேண்டும், பேச வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும். இடப்பக்க வீடுகளுக்கு மாதம் ஒரு தடவை நீலக் கோட்டில் போக வேண்டும், அளவு எடுக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அளவு மிக அதிகமாக இருந்தால் மட்டும் சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம்.

"எந்தப் பக்கத்துலேருந்து வந்தா வலது?" என்று தெருக்காரர்கள் கேட்டார்கள். இரண்டு துறைகளும் அதைப் பேசித் தீர்க்க ஒரு கூட்டம் போட்டன. பஸ் நிறுத்தத்திலிருந்து வந்தால் வலது என்று முடிவாயிற்று. இரண்டு துறைகளும் முழு மனதோடு ஒத்துப்போன விஷயம் வெகு நாட்களுக்கு அது ஒன்றுதான்.

வலப்பக்கத்தில் தையல்கார அக்காவின் கடை. அதற்கு நேர் எதிரே, இடப்பக்கத்தில், இஸ்திரிக்கார அக்காவின் கடை. இவள் தைத்ததை அவள் தேய்ப்பாள். பகல் முழுக்கத் துணி மூட்டைகள் தெருவைக் குறுக்கே கடந்துகொண்டிருக்கும். இருவரும் அவரவர் வாசலில் இருந்தபடியே கத்திப் பேசிக்கொள்வார்கள். நடுவில் போகிற வண்டிக்காரர்களுக்கு இரண்டு குடும்பத்துச் செய்தியும் அத்துப்படி.

"கோட்டம்மா, எனக்கு எவ்வளவு இருக்கு?" என்று இஸ்திரிக்கார அக்கா ஒவ்வொரு மாதமும் கேட்பாள். நாள் முழுக்கச் சூட்டில் நின்று வேலை செய்கிற அவளுடைய முகம் எப்போதும் சிவந்தே இருக்கும்.

"சொல்லக் கூடாதுக்கா."

"என் கையில பட்டையைக் கட்டி, என் ரத்தத்தை அளந்து, எனக்கே சொல்லக் கூடாதா? இது என்னடி நியாயம்?"

"இன்னிக்கு நீலக் கோட்டுக்கா."

"வெள்ளையை மாட்டிக்கிட்டு வந்து சொல்லு."

"வெள்ளையை மாட்டிக்கிட்டா இந்தப் பக்கம் வரக் கூடாது."

இஸ்திரிக்கார அக்கா எதிர்க்கடையைப் பார்த்துக் கத்துவாள்: "கேட்டியா? இவளுக்கு வாய் அந்தப் பக்கம்தான் இருக்காம்!"

இது சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு மாதம் அளவு ஏறும் வரைக்கும். சீட்டு கொடுக்கிற அளவுக்கு ஏறியதும் கோட்டம்மாவுக்கு நிம்மதி. அப்பாடா, இனி விதிப்படியே ஏதாவது செய்யலாம். சீட்டை எழுதி, "நாளைக்கே போங்கக்கா" என்றாள். அதைச் சொல்வதுகூட அறிவுரையில் சேருமோ என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள்.

அடுத்த மாதம் போனபோது சீட்டு இஸ்திரி மேஜையின் ஓரத்திலேயே கிடந்தது.

"போகலையாக்கா?"

"போகாம என்ன? கடையை மூடிட்டுப் போனேன். மருந்து கொடுக்கிறவன் என் முகத்தைப் பார்க்கலை, கதவு நம்பரைப் பார்த்தான். 'உங்க தெருவுக்குத் திட்டத்துல மாத்திரை வருதும்மா, இங்க கிடையாது'ன்னான். 'அது எதிர் வரிசைக்குத்தானே வருது?'ன்னேன். 'அதைத் திட்டத்துக்காரங்களைக் கேளுங்க'ன்னான். நீதானே திட்டம்? இப்ப உன்னைக் கேக்கறேன்."

 மறுநாள் கோட்டம்மா சுகாதார நிலையத்துக்குப் போய் விசாரித்தாள். ஆராய்ச்சி நிலையம் அந்தத் தெருவுக்கு மாத்திரை வாங்கித் தருகிறது என்று தெரிந்ததும், சுகாதாரத் துறை அந்தத் தெருவுக்கு வழக்கமாக அனுப்பும் மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தது. தெரு என்றால் அவர்கள் கணக்கில் இரண்டு பக்கமும்தான். ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கிலோ ஒரு பக்கம்தான். திட்டம் வருவதற்கு முன்னால் நடந்தே போய் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த இடப்பக்கத்துக்காரர்களுக்கு இப்போது அதுவும் இல்லை.

இரண்டு அலுவலகங்களும் ஒரே கட்டடத்தில், ஒரே வராந்தாவின் இரண்டு முனைகளில் இருந்தன. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அவள் முதலில் சுகாதார அதிகாரியிடம் போனாள்.

"நாம நிறுத்தினது தப்பே இல்லைம்மா" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய மேஜையிலும் அழுத்த மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. "அவங்க சப்ளை பண்றோம்னு எழுத்துல கொடுத்திருக்காங்க. ஒரே தெருவுக்கு ரெண்டு துறையும் மருந்து வாங்கினா தணிக்கையில என் தலைதான் உருளும். மேடத்தைப் பாருங்க."

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஆராய்ச்சி மேடத்திடம் போனாள். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த வராந்தாவில் அவளை உட்காரச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான்.

"இடப்பக்கத்துக்கு நாம மாத்திரை கொடுத்தா, அப்புறம் ஒப்பிட என்ன இருக்கு, சொல்லுங்க?"

"கொடுக்க வேண்டாம் மேடம். இடப்பக்கம் முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னுதானே சொன்னீங்க? முன்னாடி அவங்களுக்கு மாத்திரை கிடைச்சுது."

மேடம் பேனாவை மூடினார், திறந்தார். "நீங்க சொல்றது சரி. ஆனா மருந்து கேட்டு எழுதுற இண்டென்ட் சுகாதாரத் துறையோட விஷயம். நான் அதுல கையை வைக்க முடியாது. எழுத்துல கொடுங்க."

"யாருக்கு மேடம்?"

"ரெண்டு பேருக்கும்."

கொடுத்தாள். சுகாதார அதிகாரி, 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதி மேடத்துக்கு அனுப்பினார். மேடம், 'கருத்துக்கு' என்று எழுதி அவருக்கு அனுப்பினார். அலுவலக உதவியாளர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார், அவர் இடத்துக்கு எந்தத் துறை ஆள் போடுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆகவே அந்தத் தாளை வராந்தாவில் இங்கும் அங்கும் தூக்கிக்கொண்டு நடந்ததும் அவளேதான். தண்ணீர்த் தொட்டியருகே ஒரு தடவை நின்று, தாளை உள்ளே போட்டுவிடலாமா என்றுகூடப் பார்த்தாள்.

"ரெண்டு மோட்டாரை எதிரெதிரா மாட்டின மாதிரி இருக்கு" என்றான் கணவன். "ரெண்டும் நல்லாத்தான் ஓடும், தண்ணி மட்டும் ஏறாது."

"ஜோக் அடிக்காதீங்க. அந்த அக்காவுக்கு ஏதாவது ஆயிடும்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக் கோட்டின் பை கிழிந்தது. தையல்கார அக்காவிடம் கொடுத்திருந்தாள். மறுநாள் காலை, கூட்டம் ஒன்றுக்கு நேரமாகிவிட்டதென்று கடைக்கு ஓடி, தைத்து மடித்து வைத்திருந்த மூட்டையின் மேலிருந்த கோட்டை அவளே எடுத்துக்கொண்டாள்.

"இரு இரு, இஸ்திரிக்குப் போகலை!"

"பரவாயில்லைக்கா, கசங்கியே இருக்கட்டும்."

"அடியே, கோட்டைக் கொடுடி!"

தையல்கார அக்கா ஊசியும் நூலுமாக வாசலுக்கு ஓடி வந்த வேகத்தைப் பார்த்துத்தான் கோட்டம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. பைக்குள் கையை விட்டாள். சின்னதாக மடித்த காகிதம். உள்ளே அரை மாத்திரை.

அவள் கொடுத்த மாத்திரைதான். நடுவே கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது.

"மேல இருக்கிற துணியோட பையில போடறது வழக்கம்" என்றாள் தையல்கார அக்கா. குரல் இறங்கியிருந்தது. "அவ எடுத்துக்கிட்டுத்தான் தேய்ப்பா. நான் என்ன செய்யட்டும்? நான் மட்டும் முழுசா முழுங்கிட்டு அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரட்டுமா?"

"நீங்க மட்டுமாக்கா?"

அக்கா தெருவைப் பார்த்தாள். அந்தப் பார்வை பதிலாகிவிட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து கடைசி வீடு வரைக்கும் வலப்பக்கம் இடப்பக்கத்துக்கு அரை மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தது. மாமியார் சண்டையில் பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகள்கூட மாத்திரையை மட்டும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன.

"பாதி சாப்பிட்டா உங்களுக்கும் பத்தாது, அவங்களுக்கும் பத்தாதுக்கா!"

"ஒண்ணுமே இல்லாததுக்குப் பாதி தேவலைதானே? யாருகிட்டேயும் சொல்லிடாதேம்மா. எங்களுக்கும் நிறுத்திடுவாங்க."

அவள் சொல்லவில்லை. சொல்லாததை நினைத்து நினைத்து ஆறிப்போன தேநீர் போல ஆகிவிட்டாள். எந்தக் கோட்டைப் போட்டாலும் உடம்பு அரித்தது. வலப்பக்கம் போய், "மாத்திரையை விடாம சாப்பிடுங்க" என்று சொல்லும்போது எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் பதிலுக்குத் தலையாட்டினாள்.

பிறகு கூட்டுக் குழுக் கூட்டம் வந்தது. பதாகையில் எந்தத் துறையின் சின்னம் முதலில் வருவது என்பதில் காலை போயிற்று. தேநீருக்குப் பிறகு மேடம் திரையில் ஒரு படம் போட்டார். வலப்பக்கத்துக்கு ஒரு கோடு, இடப்பக்கத்துக்கு ஒரு கோடு. இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு நடக்கிற சிநேகிதிகள் மாதிரி ஒட்டியே போயின.

"வித்தியாசம் இல்லை" என்றார் மேடம். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "வீடு தேடிப் போறதால பலன் இருக்கிற மாதிரி தெரியலை."

"அப்ப இதை முடிச்சுக்கலாம்" என்றார் சுகாதார அதிகாரி. "ஊர் முழுக்கச் செய்யறதுக்கு ஒதுக்கின பணத்தை வேற எதுக்காவது மாத்திக்கலாம்."

மூலையில் உட்கார்ந்திருந்த கோட்டம்மாவுக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்தது. இனி எந்தத் தெருவுக்கும் யாரும் போகப் போவதில்லை. எழுந்துவிட்டாள்.

"பலன் இருக்கு சார். அவங்க பாதிப் பாதியா சாப்பிடறாங்க. இடப்பக்கத்துக்கு மருந்தை நிறுத்தினதால, வலப்பக்கம் பங்கு கொடுக்குது."

யார் என்று அவள் சொல்லவில்லை.  இப்போதாவது நிறுத்தின மருந்தைத் திரும்ப அனுப்புவார்கள் என்று அவள் ஒரு நிமிஷம் நம்பினாள்.

"கடவுளே, மொத்த ஆய்வும் கலந்துபோச்சு" என்றார் மேடம்.

"அரசாங்க மருந்தைப் பங்கு போட யார் அனுமதிச்சது?" என்றார் அதிகாரி.

அதன் பிறகு இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல் பேசினார்கள். அந்த வேகத்தையும் அந்த ஒற்றுமையையும் அவள் அதுவரை கண்டதில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துப் போவதற்குள் முடிவு தயார்: இனி வலப்பக்கத்துக்காரர்கள் மாத்திரையைக் களப்பணியாளரின் கண் முன்னாலேயே முழுதாக விழுங்க வேண்டும். மாத்திரை அட்டையை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. இரண்டு சின்னங்களையும் பக்கம் பக்கமாகப் போட்டு அன்றைக்கே சுற்றறிக்கை வந்துவிட்டது.

"இடப்பக்கத்துக்கு மருந்து, மேடம்?"

"அது தனி விஷயம்மா. அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம். நிச்சயமா எடுத்துக்கலாம்."

அடுத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டியவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

இப்படியாக, அவள் வாயைத் திறந்ததன் பலன், இஸ்திரிக்கார அக்காவுக்குக் கிடைத்துவந்த பாதியும் போனது. தினமும் காலையில் வெள்ளைக் கோட்டோடு தையல் கடை வாசலில் நின்று, ஒரு மாத்திரையைத் தையல்கார அக்காவின் உள்ளங்கையில் வைக்க வேண்டியிருந்தது.

"வாயைத் திறங்கக்கா. நாக்கைத் தூக்குங்க."

"ஆ... போதுமா? வயித்தையும் பிரிச்சுக் காட்டட்டுமா, திரும்பத் தைச்சுக்கறேன்."

சிரிப்பு வரவில்லை, இருவருக்கும். எதிர்க்கடையிலிருந்து இஸ்திரிக்கார அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திப் பேசுவதை அவள் நிறுத்தியிருந்தாள். கோட்டம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டாள்.

நீலக் கோட்டு நாள் வந்தது. இஸ்திரிக் கடையில் போய் உட்கார்ந்து பட்டையைக் கட்டினாள். அக்கா "எனக்கு எவ்வளவு?" என்றுகூடக் கேட்கவில்லை. மேஜைமேல் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை ஒன்றின் கழுத்துப்பட்டையில் இரத்தத் துளி இருந்தது.

"என்னக்கா இது?"

"காலையில மூக்குலேருந்து வந்துச்சு. யாரோட சட்டைன்னு தெரியலை. தோய்ச்சுத் திரும்பத் தேய்க்கணும்."

கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு அவள் பட்டையைக் கழற்றினாள். சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள், திரும்ப வைத்துவிட்டாள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அக்கா எங்கே போவாள் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து நின்று, நீலக் கோட்டைக் கழற்றி, மடித்துப் பையில் திணித்தாள். உள்ளே போட்டிருந்த சாதாரணச் சட்டையின் முழங்கையில் தையல் விட்டிருந்தது.

"கடையை மூடுங்கக்கா."

"எதுக்கு?"

"மூடுங்க, சொல்றேன்."

பஸ் பிடித்துத் தன் வீட்டுப் பக்கமிருந்த சுகாதார நிலையத்துக்கு அவளைக் கூட்டிப் போனாள். அந்தப் பகுதிக்கு எந்தத் திட்டமும் வரவில்லை. அதனால் மருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. டாக்டர் அளவைப் பார்த்துவிட்டு இருவரையும் திட்டினார், எழுதிக் கொடுத்தார். மருந்து கொடுக்கும் பெண் விலாசம் கேட்டாள். கோட்டம்மா தன் வீட்டு எண்ணைச் சொன்னாள்.

"உங்களுக்கு என்ன வேணும் இவங்க?"

"அண்ணி."

"உங்க வீட்டுக் கணக்குல இவ்வளவு நாளா பேரையே காணோமே?"

"பேச்சு வார்த்தை இல்லாம இருந்தோம். இப்பத்தான் சமாதானம்."

வாழ்நாளில் ஒரு வருகைப் பதிவில்கூடப் பொய் சொல்லாதவளுக்கு அது அவ்வளவு சுலபமாக வந்தது.  திரும்பி வரும்போது பஸ்ஸில் இஸ்திரிக்கார அக்கா அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"முழுசு இவ்வளவு பெருசா இருக்குமா?" என்றாள்.

வீட்டில் கணவனிடம் சொன்னபோது, "அண்ணின்னா எனக்கு அக்கா முறை ஆகுதே. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றான். பிறகு, "வேலை போயிடுமா?" என்றான்.

"போகணும்னா ரெண்டு துறையும் கையெழுத்துப் போடணும்" என்றாள்.

அடுத்த மாதம் அக்காவின் அளவு இறங்கியிருந்தது. நீலக் கோட்டுக்கு அதுதான் வேலை. உள்ளதை உள்ளபடி குறித்துக்கொண்டாள். இடப்பக்கத்தில் ஒரு எண் மட்டும் இப்படி இறங்குவது ஏன் என்று மேடம் ஒரு நாள் கேட்பார். கேட்கட்டும். என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.

அடுத்த வீட்டுக்குப் போனாள். கொத்து வேலை பார்த்து மூட்டு தேய்ந்துபோன பெரியவர் ஒருவர், கையை நீட்டாமல், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய சம்சாரம். அந்த வாசலுக்கு வெளியே, அடுத்த வீட்டுக்காரியும் அதற்கடுத்த வீட்டுக்காரியும்.

"இஸ்திரிக்காரி சொன்னா" என்றார் பெரியவர், குரலைத் தாழ்த்தி. "எனக்கு உங்க வீட்டுல என்ன முறைம்மா? மாமனாரா இருக்கட்டுமா, பெரியப்பாவா? எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

"நான் சின்னம்மா" என்றாள் பின்னாலிருந்தவள் அவசரமாக.

கோட்டம்மா பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நீலக் கோட்டில் இருந்ததால் அவள் பதில் பேசக் கூடாது. பேசலாம் என்றாலும் என்ன பேசுவாள்? அந்த வரிசை தெருவின் கடைசி வரைக்கும் போயிற்று. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வீட்டு விலாசம்.